மாதவிடாய் நின்ற பிறகு: எலும்பும் சர்க்கரையும் நம்ம கால் ஏக்கரும்



போன ஐப்பசியில் எங்கள் பகுதி இயற்கை உழவர் கூட்டம். விதைப் பரிமாற்றம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, "இந்த வருஷம் ராகி போட்டவங்க எத்தனை பேர்?" என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லாரும் கை தூக்கினார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "சரி, நேத்து ராத்திரி உங்க வீட்ல என்ன சாப்பாடு?" சோறு, இட்லி, சோறு, சோறு. ஒரே ஒருத்தர் களி என்றார். "எனக்கு சுகர் இருக்குங்க, அதான்" என்று காரணமும் சொன்னார். வீட்டம்மாவுக்கு? "அவங்க சோறுதான்."

அந்த வீட்டம்மாவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஐம்பதைத் தொட்ட, தாண்டிய நம் வீட்டுப் பெண்கள், நம் வயலுக்கு வேலைக்கு வரும் பெண்கள் எல்லாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் மருத்துவன் இல்லை. முப்பத்து நாலு வருஷம் வங்கியில் கணக்குப் பார்த்தவன், இப்போது நாலு ஏக்கரில் ராகி, துவரை, எள், கொஞ்சம் காய்கறி பார்க்கிறேன். டாக்டர்கள் சொன்னதையும் தேடிப் படித்ததையும் கண்ணால் பார்த்ததையும் எழுதுகிறேன்.

எனக்கு இந்த விஷயத்தைப் புரியவைத்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் என் வீட்டுக்காரம்மா, 58 வயது. என் டிரான்ஸ்பரோடு ஊர் ஊராகச் சுற்றி, டவுனில் வாடகை வீடுகளில் குடித்தனம் நடத்தியவர். 49-ல் மாதவிடாய் நின்றது, 51-ல் சர்க்கரை வந்தது. சாப்பாட்டின் அளவு கூடவில்லை, ஆனாலும் வயிறு மட்டும் போட்டது. இன்னொருவர் எங்கள் தோட்டத்துக்குக் களையெடுக்க வரும் அம்மா, 56 வயது. ஒல்லியான உடம்பு. பத்து வயதிலிருந்து வயல் வேலை. மார்கழியில் பனி ஈரத்தில் வாய்க்கால் வரப்பில் வழுக்கினார். கையை ஊன்றினார், மணிக்கட்டு ஒடிந்தது. மாவுக்கட்டுப் போடப் போன இடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை 260. அதுவரை அவருக்கே தெரியாது.

"சும்மா கைய ஊனுனதுக்கே ஒடிஞ்சிடுச்சு சார்." இதைத்தான் அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. நின்ற இடத்தில் வழுக்கி விழுந்தால் திடமான எலும்பு ஒடியக் கூடாது. ஐம்பதுகளில் மணிக்கட்டு ஒடிந்தால் அது வெறும் விபத்து இல்லை, உள்ளே எலும்பு மெலிந்திருக்கிறது என்பதற்கு முதல் தாக்கீது. அடுத்து முதுகெலும்பு நசுங்கும், பல நேரம் சத்தமே இல்லாமல். கூன் விழுவதை வயசானதால் என்று விட்டுவிடுகிறோம். எழுபதுக்கு மேல் இடுப்பு ஒடிந்தால் பலர் பழையபடி எழுந்து நடப்பதே இல்லை.

ஏன் மாதவிடாய் நின்ற பிறகு? எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தில், அதாவது கால்சியத்தில், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் டெபாசிட்டாக இருக்கிறது. மீதி ஒரு பங்கு ரத்தத்திலும் தசையிலும் கைச்செலவுக்கு. இந்தக் கைச்செலவுப் பணம் குறையவே கூடாது, குறைந்தால் இதயமும் தசையும் தடுமாறும். அதனால் சாப்பாட்டில் வரவு இல்லாத அன்று உடம்பு யாரையும் கேட்காமல் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். முப்பது வயது வரை டெபாசிட் ஏறும், அப்புறம் ஏறுவது நின்றுவிடும். எலும்பை அரித்து எடுக்கும் செல்களும் புதிதாகக் கட்டும் செல்களும் நாள் முழுக்க வேலை செய்கின்றன. அரிக்கும் செல்களை அளவோடு வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன். மாதவிடாய் நிற்கும்போது அது சரிகிறது. கவுண்டரில் செக்கைச் சரிபார்க்கிற ஆபீசர் லீவில் போய்விட்ட மாதிரிதான், எடுப்பு மட்டும் மளமளவென்று நடக்கும். முதல் ஐந்து முதல் ஏழு வருஷம்தான் இழப்பு அதிவேகம். நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில், மேலை நாட்டுப் பெண்களுக்கு 51 வாக்கில். ஆக நம்மவர்களுக்கு எடுப்பு நாலைந்து வருஷம் முன்னாடியே தொடங்கிவிடுகிறது.

இதே ஹார்மோனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கொழுப்பு எங்கே சேர வேண்டும் என்று அதுதான் வழிகாட்டுகிறது. அது குறைந்ததும் இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்குள் குடல், ஈரலைச் சுற்றிச் சேர ஆரம்பிக்கிறது. இன்சுலின் சொல்பேச்சு உடம்பில் எடுபடாது, கெட்ட கொழுப்பு ஏறும். கூடவே தசையும் கரைகிறது. சாப்பிட்ட சர்க்கரையைப் பெருமளவு வாங்கி வைக்கும் கிடங்கே தசைதான். கிடங்கு சுருங்கினால் சரக்கு ரோட்டில் கிடக்கும், அதுதான் ரத்தச் சர்க்கரை.

எலும்பு ஒரு நோய், சர்க்கரை ஒரு நோய் என்று நாம் தனித்தனியாகப் பார்க்கிறோம். என் வீட்டுக்காரம்மாவுக்கு டெக்ஸா ஸ்கேன் எடுத்தபோது எலும்பு அடர்த்தி பரவாயில்லை என்றே வந்தது. நான் சந்தோஷப்பட்டேன். டாக்டர் படவில்லை. உடம்பு எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு அடர்த்தி நன்றாகத்தான் காட்டும், ஆனால் நாள்பட்ட சர்க்கரை எலும்புக்குள் இருக்கும் புரத நாரை விறைக்க வைத்துவிடும், சர்க்கரைக்காரர்களுக்கு அடர்த்தி சரியாக இருந்தாலும் முறிவு அதிகம் என்றார். பார்வை மங்குவது, கால் மரத்துப்போவது, சர்க்கரை தாழ்ந்து தலை சுற்றுவது எல்லாம் சேர்ந்து கீழே விழவும் வைக்கும். ஆக குண்டான என் வீட்டம்மாவும் ஒல்லியான அந்த அம்மாவும் வேறு வேறு வழியில் வந்து ஒரே வரப்பில்தான் நிற்கிறார்கள்.

வயலில் வேலை செய்கிறவர்களுக்கு எலும்பு உறுதியாக இருக்கும், வெயிலில் நிற்பதால் வைட்டமின் டி கிடைக்கும் என்று நம் கூட்டங்களிலேயே பேசுகிறோம். பாதிதான் உண்மை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் இருந்த டாக்டர் வீணா சத்ருக்னா குழுவினர் 2005-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களில் 30 முதல் 60 வயது வரையுள்ள பெண்கள். ஒரு நாளைக்கு அவர்கள் சாப்பாட்டில் கிடைத்த கால்சியம் சுமார் 270 மில்லிகிராம். தொடை எலும்பின் கழுத்தில் அளந்ததில் 29 சதவீதம் பேருக்கு எலும்புத் தேய்வு நோயே இருந்தது, இன்னும் பாதிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஐ.சி.எம்.ஆர். இப்போது சொல்லும் அளவு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம். 1200 செலவு, 270 வரவு. இந்தக் கணக்கை எந்த மேனேஜரும் ஒரு வாரத்துக்கு மேல் ஓடவிட மாட்டார்.

வெயில் விஷயத்தில் திருப்பதி வட்டாரத்தில் நடந்த ஆய்வுகள் முக்கியமானவை. வயலில் உழைக்கும் கிராமத்து மக்களிடமும், அதிலும் பெண்களிடம் கூடுதலாக, வைட்டமின் டி குறைவாக இருந்தது. நகரத்தாரைவிடப் பரவாயில்லை, அவ்வளவுதான். சாப்பாட்டில் கால்சியம் குறைந்து, தானியத்தில் இருக்கும் ஃபைட்டேட் அதிகமானால் உடம்பு வைட்டமின் டி-யைச் சீக்கிரம் செலவழித்துவிடுகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். இன்னொன்றை நான் என் வயலிலேயே பார்க்கிறேன். களையெடுக்கும் பெண்கள் சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை, தலைக்குத் துண்டு. தோலில் வெயில் படுவது முகத்தில் கையகலம். வைட்டமின் டி-க்கு நல்ல வெயில் 11 மணியிலிருந்து 2 மணி வரை. அந்த நேரத்தில் அவர்கள் புளியமர நிழலில் சாப்பிடுகிறார்கள், அதைக் குறை சொல்ல முடியுமா!

எங்கள் மாவட்டக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை, போர் தண்ணீரில் ஃபுளோரைடு. பல்லில் கறை படிவது எல்லாருக்கும் தெரியும். அதே ஃபுளோரைடு எலும்பிலும் ஏறும். எலும்பு பார்க்க அடர்த்தியாகும், ஆனால் விறைத்து எளிதில் ஒடியும், மூட்டு இறுகும். சாப்பாட்டில் கால்சியம் குறைந்தவர்களைத்தான் இது அதிகம் தாக்கும். 2013-ல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே போடப்பட்டது. குழாயில் அந்தத் தண்ணீர் வந்தும், "போர் தண்ணி ருசி" என்று அதையே குடிக்கும் வீடுகள் உண்டு. குடிக்கவும் சமைக்கவும் ஆற்றுத் தண்ணீர், மற்றதுக்கெல்லாம் போர். இதில் பேரம் வேண்டாம்.

கர்ப்பப்பை எடுப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பேசக் கூச்சப்பட்டுப் பேசாமலே விட்ட விஷயம் இது. மகாராஷ்டிர மாநிலம் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களிடம் 2019-ல் அரசுக் குழு விசாரித்தது. 82 ஆயிரம் பேரில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கர்ப்பப்பையை எடுத்தவர்கள். வேலை நாள் கெடக் கூடாது என்ற நெருக்கடியும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. நம் பக்கமும் "தொந்தரவா இருந்துச்சு, எடுத்தாச்சு" என்று நாற்பது வயதுக்குள் சொல்லும் பெண்கள் இருக்கிறார்கள். கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்திருந்தால் ஹார்மோன் அன்றோடு நின்றுவிடும், 38 வயதிலேயே எலும்பின் எடுப்பு தொடங்கிவிடும். சினைப்பையை விட்டிருந்தால் அவ்வளவு மோசமில்லை. எடுத்தவர்கள் டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்து, எது எடுத்தார்கள் என்று ஒரு டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். பல பேருக்குத் தன் உடம்பிலிருந்து எது போனது என்றே தெரியாது.

இனி சாப்பாட்டுக் கணக்கு. நூறு கிராம் அரிசியில் கால்சியம் பத்து மில்லிகிராம்கூடத் தேறுவது கஷ்டம். மூன்று வேளையும் சோறென்றாலும் நாற்பதைத் தாண்டாது. நூறு கிராம் ராகியில் சுமார் 350. கால் லிட்டர் பால் அல்லது தயிரில் 300. பத்து கிராம் தோல் நீக்காத எள்ளில் 120 வாக்கில். ஐம்பது கிராம் முருங்கைக்கீரையில் 150-க்குக் குறையாது. முப்பது கிராம் கொள்ளில் 80. கூட்டிப் பாருங்கள், ஆயிரம் வந்துவிட்டது. அகத்திக்கீரை ஒரு நாள், முள்ளோடு மென்று தின்கிற நெத்திலிக் கருவாடு ஒரு நாள் என்றால் 1200 எட்டாத உயரம் இல்லை. எழுதின அத்தனையும் உடம்பில் ஒட்டாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எள்ளின் தோலிலும் தண்டுக்கீரை, பசலை போன்றவற்றிலும் ஆக்சலேட் இருக்கிறது, அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ராகியை முளைகட்டி அரைத்தால், அல்லது கூழாகப் புளிக்கவைத்தால் ஃபைட்டேட் குறையும். நம் பாட்டிமார் கூழைப் புளிக்கவைத்து மோர் ஊற்றிக் குடித்தது சும்மா இல்லை. சாப்பிட்ட கையோடு டீ குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளுங்கள், இரும்புச் சத்துக்காகவாவது.

நம் இயக்கத்து நண்பர்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்கிறேன். ராகியும் மாவுச்சத்துதான். நூறு கிராமில் எழுபது பங்கு அதுதான். "சிறுதானியம் சாப்பிட்டா சுகர் ஓடிப்போயிடும்" என்று ஸ்டால் போட்டு விற்பவர்களை நம்பி மாத்திரையை நிறுத்தினவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். நைஸாக அரைத்துச் சலித்த மாவில் காய்ச்சிய கஞ்சி, அதில் நாட்டுச் சர்க்கரை போட்டால், வெள்ளைச் சோற்றுக்கு இணையாகவே சர்க்கரையை ஏற்றும். வெல்லம் போட்ட ராகி பிஸ்கட்டும் பிஸ்கட்தான். தவிட்டோடு கொரகொரப்பாக அரைத்த மாவில் ஒரு சின்ன உருண்டை களி, அதற்கு இரண்டு பங்கு கீரையும் கொள்ளுக் கடைசலும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பாருங்கள், வாதமே வேண்டாம். பெண்களுக்குப் புரதமும் போதவில்லை. வீட்டில் முட்டை யாருக்குப் போகிறது, குழம்பில் கடைசியில் மிஞ்சும் தண்ணி யாருக்குப் போகிறது என்று ஒரு வாரம் கவனித்தாலே தெரிந்துவிடும். கொள்ளு, துவரை, நிலக்கடலை, முட்டை, தயிர், இதில் ஒன்றாவது ஒவ்வொரு வேளையும் அவர்கள் தட்டில் இருக்க வேண்டும்.

இதற்கு எவ்வளவு நிலம் வேண்டும்? பெரியவர்கள் நாலு பேர், ஆளுக்கு நாளைக்கு நூறு கிராம் ராகி என்றால் வருஷத்துக்கு 146 கிலோ. மானாவாரியில் ஏக்கருக்கு 600 கிலோதான் வந்தது என்று வைத்துக்கொண்டாலும் 25 சென்ட் போதும். ஆடியில் ராகி, அறுத்த ஈரத்தில் அதே 25 சென்ட்டில் கொள்ளு. கொள்ளு பனியிலேயே விளையும், ஐம்பது கிலோ வந்தால் நாலு பேருக்கு நாளைக்கு முப்பது கிராம் கணக்குக்குச் சரியாக இருக்கும். எள் வருஷத்துக்குப் பதினைந்து கிலோ, பத்து சென்ட் ஒதுக்கினால் தாராளம். வரப்பில் அகத்தி, கிணற்றோரம் இரண்டு முருங்கை. ஒரு நாட்டு மாடு இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது, சொசைட்டிக்கு ஊற்றுவதற்கு முன்னால் வீட்டுக்கு ஒரு லிட்டர் எடுத்து வைத்தால். ராகி நல்ல விலை போகும் வருஷத்தில்தான் கை அரிக்கும். மூட்டையைத் தைக்கும் முன்னால் குதிர் நிறைய வேண்டும் என்பது எங்கள் வீட்டில் சட்டம். நிலமில்லாதவர்களுக்கு ரேஷன் ராகி. 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். எல்லா மாவட்டத்துக்கும் கேட்டு வாங்க வேண்டியது நம் சங்கங்களின் வேலை.

தின்றால் மட்டும் போதாது, எலும்புக்குப் பாரம் வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், மாதவிடாய் நின்று எலும்பு மெலிந்த பெண்களுக்கு வாரம் இரண்டு தடவை, அரை மணி நேரம், பயிற்சியாளர் மேற்பார்வையில் நல்ல கனமான எடை தூக்க வைத்தார்கள். எட்டு மாதத்தில் அவர்களின் முதுகுத்தண்டு அடர்த்தி கூடியது, வீட்டில் லேசான பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் குறைந்தது. நடை நல்லதுதான், சர்க்கரைக்கு மிக நல்லது, எலும்புக்கு அது மட்டும் பத்தாது. என் வீட்டுக்காரம்மா இப்போது பூவாளி இரண்டு கையிலும் தூக்கி நாற்றங்காலுக்கு அவரே தண்ணீர் விடுகிறார், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருகிறார். ஏற்கெனவே எலும்பு தேய்ந்தவர்கள் குனிந்து பாரம் தூக்கவே கூடாது, முதுகெலும்பு நசுங்கும். நாள் முழுக்கக் குனிந்து களைக்கொத்துப் பிடிப்பதும் அவர்களுக்கு ஆகாது. ராகியைச் செம்மை முறையில் வரிசையாக நட்டால் நின்றபடியே சக்கரக் களைக்கருவி ஓட்டலாம். களைச் செலவு குறையும் என்று நான் கொண்டுவந்த முறை அது, இப்போது இதற்காகவும் விடப்போவதில்லை.

வீட்டிலேயே மூன்று சோதனை செய்யலாம். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 15 விநாடிக்கு மேல் ஆனால் கால் தசை தேய்ந்திருக்கிறது. இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றும் பார்க்க வேண்டும். இளவயது உயரத்தைவிட நாலு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகெலும்பை எக்ஸ்ரே எடுக்க வேண்டும். டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் அது எலும்புத் தேய்வு நோய், அதற்கு மருந்து தேவை. அந்த நிலையில் களி மட்டும் தின்று சரிசெய்கிறேன் என்று உட்காரக் கூடாது. வாரம் ஒரு மாத்திரை கொடுத்தால் காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து இருக்க வேண்டும். இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது, சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வருகிறவர்களிடம் "கீழ விழுந்தேன், கை ஒடிஞ்சுது" என்பதையும் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்பதில்லை.

மணிக்கட்டு ஒடிந்த அந்த அம்மா மூன்று மாதம் வேலைக்கு வரவில்லை. நூறு நாள் வேலையும் போனது. இப்போது வருகிறார், மாத்திரையும் சாப்பிடுகிறார். இந்த அறுவடையில் வேலைக்கு வந்த ஆறு பெண்களுக்கும் ராகி கொடுக்கலாம் என்று வீட்டில் முடிவு செய்து அவரிடம் சொன்னேன். அந்தக் காலத்தில் கூலியைத் தானியமாகவே அளந்து ஏமாற்றிய கதையெல்லாம் அவருக்குத் தெரியும் போல. கொஞ்ச நேரம் யோசித்தார்.

"குடுங்க சார், வேண்டாங்கல. ஆனா கூலியில கழிச்சிடாதீங்க."

கழிக்கவில்லை. ஆளுக்கு இருபத்தைந்து கிலோ, கூலிக்கு மேல். அரைக்கும்போது சலிக்க வேண்டாம் என்று மட்டும் என் வீட்டுக்காரம்மா ஒவ்வொருத்தரிடமும் சொல்லி அனுப்பினார்.